‘நுட்புநர்’ என்னும் சொல்லும் மருத்துவமனை ஆய்வகங்களின் ஆள் பற்றாக்குறையும்

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் என்னும் ஊரில் கொள்ளைநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அன்று ஊசி போட்டுக்கொண்டோர் 107 பேர். அவர்களுள் 53என் என்று எண்ணிடப்பட்ட ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேரும் ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் கண்டு இறந்தனர். மருந்து பம்பாய்க் கொள்ளைநோய் ஆய்வுக்கூடத்தில் 41 நாள்களுக்கு முன் தயாரிக்கப்பட்டது. அந்த ஆய்வுக்கூடத்தை நிறுவிய வால்டெமார் ஹாஃப்கின் பணியிலிருந்து நீக்கி வைக்கப்பட்டார். பெரிய அளவில் ஊசி போடத் திட்டமிட்டிருந்த பஞ்சாபுக்கு விரைந்து மருந்து அனுப்பும் பொருட்டுத் தயாரிப்பு முறை மாற்றப்பட்டிருந்தது. கார்பாலிக் அமிலம் சேர்ப்பதும் கைவிடப்பட்டிருந்தது. எனவே பிழை பம்பாயில் நேர்ந்தது என்று பம்பாய்த் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு முடிவு செய்தது. பிற்பாடு வேறொரு செய்தி முன்னுக்கு வந்தது. குப்பியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது. அவர் அதை முறைப்படி கிருமி நீக்காமல் கிருமிநாசினியில் மேலோட்டமாக நனைத்துவிட்டுக் குப்பியைத் திறந்தார். ரொனால்டு ராஸ் முதலிய பிரிட்டிஷ் அறிவியலாளர் 1907இல் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் வழியே வாதாடிய பின்னரே ஹாஃப்கின் பழியிலிருந்து விடுபட்டார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் ஹாஃப்கினுக்கு இழைக்கப்பட்ட அநீதியின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதை அப்படிச் சொல்வதில் பிழை இல்லை. ஆயினும் அக்கதையின் நடுவே ஓர் இடுக்கி கிடக்கிறது. அதைப் பிடித்திருந்த கை யாருடையது, அக்கைக்கு என்ன பயிற்சி தரப்பட்டிருந்தது, தரையில் விழுந்த கருவியைச் சுடரில் காட்டாமல் பயன்படுத்தக் கூடாது என்பதை அவருக்கு எவரேனும் கற்பித்திருந்தனரா என்னும் வினாக்கள் ஐந்தாண்டு விவாதத்தில் ஓரத்திலேயே நின்றன. பழி சுமத்தப்பட்டவரும் விடுவிக்கப்பட்டவரும் அறிவியலாளர். உதவியாளர் சான்றின் ஒரு பகுதியாக மட்டும் எஞ்சினார்.

ராஸின் வரலாற்றிலும் இத்தகைய ஓர் உருவம் உண்டு. 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாதில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியை அவர் கண்டார். கொசு ஒன்றுக்கு ஓர் அணா பெற்றுக்கொண்டு தம்மைக் கடிக்க விட்ட நோயாளி உசேன் கானின் பெயர் இன்றும் பாடநூல்களின் ஓரங்களில் வாழ்கிறது. மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்தபோது பறவைகளையும் கொசுக்களையும் பிடித்துப் பேணியவர் முகமது பக்ஷ். அவர் செய்த பணிக்கு அன்று தனிப்பெயர் இல்லை. ‘உதவியாளர்’ என்பதே போதுமானதாக இருந்தது.

அந்தப் பத்தாண்டுகளில் இந்தியாவில் ஆய்வுக்கூடங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. 1896இல் பம்பாய், 1899இல் சென்னை கிண்டி, 1900இல் கசௌலியின் பாஸ்டர் நிறுவனம், 1905இல் அதே கசௌலியில் மத்திய ஆராய்ச்சி நிறுவனம், 1907இல் குன்னூர் என்று வரிசை நீள்கிறது. இவை பெரிதும் தடுப்பு மருந்துத் தயாரிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் குருதியையும் சிறுநீரையும் அன்றன்று சோதித்துச் சொல்லும் மருத்துவமனை ஆய்வகம் என்பது வேறு. 1921இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது மேற்பயிற்சி மருத்துவர்களுக்கே கிடைத்தது. ஏனையோர் அருகே நின்று பார்த்துக் கற்றனர். குரு–சீடர் முறை என்று இதை உயர்த்திச் சொல்லலாம். ஆனால் சீடருக்குச் சான்றிதழும் இல்லை, குருவின் இடத்தை அடையும் வழியும் இல்லை.

விடுதலைக்கு முந்தைய கணக்கெடுப்புகளுள் முதன்மையானது போர் குழுவின் அறிக்கை. ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைந்து 1946இல் அறிக்கை தந்த அக்குழு, நாட்டிலிருந்த மருத்துவப் பணியாளரின் எண்ணிக்கையை முன்வைத்தது. மருத்துவர் ஏறத்தாழ 47,500; செவிலியர் 7,000; மருத்துவச்சியர் 5,000; பல் மருத்துவர் 1,000; நலவாழ்வுப் பார்வையாளர் 750; தகுதி பெற்ற மருந்தாளுநர் 75. மருத்துவ வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் இவ்வரிசையில் ஆய்வகப் பணியாளர் இல்லை. ஒரு தொழிலினர் பற்றாக்குறையாக இருக்கிறார்கள் என்று சொல்வதற்கு முதலில் அவர்கள் ஒரு தொழிலினராக எண்ணப்பட வேண்டும். எழுபத்தைந்து பேரே இருந்த மருந்தாளுநர் எண்ணப்பட்டனர்; அவர்களுக்கு 1948இல் தனிச் சட்டமும் பிறந்தது.

அதே அறிக்கையில் மற்றொரு விவாதமும் உண்டு. குறுகிய காலப் படிப்பில் உருவான ‘லைசென்ஷியேட்’ மருத்துவர்களைத் தொடர்ந்து பயிற்றுவிப்பதா, எல்லா மருத்துவர்க்கும் ஒரே பட்டத் தகுதி போதும் என்று முடிவு செய்வதா? பெரும்பான்மையினர் இரண்டாவதைத் தேர்ந்தனர். இவ்வளவு ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டில் இது தகாது என்று சிலர் மறுப்புரை எழுதினர். மருத்துவரைப் பொறுத்தவரை தரமா எண்ணிக்கையா என்பது ஒரு கொள்கைச் சிக்கலாக மதிக்கப்பட்டு எழுத்தில் வாதிடப்பட்டது. ஆய்வகப் பணியாளரைப் பொறுத்தவரை அப்படியொரு வாதம் அதே தீவிரத்துடன் நடைபெறவே இல்லை. தேவை எழுந்தபோதெல்லாம் தேவைக்கேற்ற கால அளவில் ஆள்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். இந்த வேறுபாடுதான் பின்வந்த எழுபதாண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது எனலாம்.

முதல் பெருந்தேவை மலேரியாவால் வந்தது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. ஒழிப்புத் திட்டத்தின் உயிர்நாடி கண்ணாடிச் சில்லு. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கண்காணிப்புப் பணியாளர் இரு வாரங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று, காய்ச்சல் கண்டவரின் விரல் நுனியில் குத்திக் குருதித் தடவல் எடுப்பார். அப்போதே குளோரோகுயின் மாத்திரை தரப்படும். அது தற்காலிக மருத்துவம். தடவலில் ஒட்டுண்ணி இருப்பதாக ஆய்வகம் சொன்ன பிறகே முழு மருத்துவம் தொடங்கும்.

இங்கே ஓர் எளிய கணக்கு உதவும். ஆண்டுதோறும் மக்கள்தொகையில் பத்து விழுக்காட்டினரின் குருதி சோதிக்கப்பட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஒரு லட்சம் பேர் வாழும் பகுதிக்கு ஆண்டில் 10,000 தடவல்கள். முந்நூறு வேலை நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 33. ஒரு தடவலில் நூறு புலங்களை நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்க்க ஐந்து நிமிடம் என்று கொண்டாலும், எட்டு மணி நேரம் இமைக்காமல் பார்ப்பவர் 96 தடவல்களை முடிப்பார். தாளில் இது நிறைவான ஏற்பாடு. ஆனால் மலேரியா ஆண்டு முழுவதும் சீராக வருவதன்று; மழைக்குப் பின் குவியும் நோய் அது. குவியும் மாதங்களில் சில்லுகளும் குவிந்தன. நோயாளி ஊரை விட்டுப் போன பின்போ, அவரைக் கடித்த கொசு மேலும் பலரைக் கடித்த பின்போ முடிவு வந்து சேர்ந்தால் அந்தச் சோதனையால் பயன் இல்லை.

1965ஐ ஒட்டி ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்திருந்த நோயாளர் எண்ணிக்கை 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. பூச்சிக்கொல்லிகளைக் கொசுக்கள் தாங்கத் தொடங்கியமை, பூச்சிக்கொல்லித் தட்டுப்பாடு, நகர்ப்புறங்கள் கவனிக்கப்படாமை எனக் காரணங்கள் பல. தேங்கிக் கிடந்த சில்லுகளும் அவற்றுள் ஒன்று. 1977இல் வகுக்கப்பட்ட திருத்திய செயல்திட்டம் சோதனைக்கூடங்களை ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கே கொண்டு சென்றதிலிருந்து இது விளங்கும். இந்தியச் சிற்றூர்ப் புறத்து மருத்துவமனைகளில் நுண்ணோக்கியும் அதன் முன் அமரும் ஒருவரும் நிலைபெற்றதற்கு மலேரியாவின் மறுவருகை ஒரு முதன்மைக் காரணம். ஆனால் அந்த ஒருவர் மலேரியாவுக்கென்றே வந்தவர்.

காசநோய்த் திட்டம் இதையே மேலும் செம்மையாகச் செய்தது. 1959இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்தின் ஆய்வுகளை அடியொற்றி, 1962இல் சளிப் பரிசோதனையை மையமாகக் கொண்ட தேசியத் திட்டம் உருவானது. விலை மிகுந்த ஊடுகதிர்ப் படத்தை விட நுண்ணோக்கியால் பார்க்கும் சளிச் சோதனை இந்தியச் சூழலுக்குப் பொருந்தும் என்பது அன்றைக்குத் துணிவான முடிவு. 1997இல் விரிவாக்கப்பட்ட திருத்திய திட்டம் ஒரு லட்சம் பேருக்கு ஒரு நுண்ணோக்கி மையம், மலைப் பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் ஐம்பதாயிரம் பேருக்கு ஒன்று என்று வரையறுத்தது. சில்லுகளுள் ஒரு பகுதியை, முதல் முடிவு இன்னதென அறியாத மற்றொருவர் மீண்டும் பார்க்கும் தரச்சோதனை முறையும் நாடெங்கும் வந்தது. இந்திய அரசு ஆய்வகங்களில் இவ்வளவு ஒழுங்கான தரக்கட்டுப்பாடு முன்னர் அரிது. அந்த ஒழுங்கு முழுவதும் ஒரே ஒரு சோதனையைச் சுற்றி எழுப்பப்பட்டது என்பதுதான் வியப்பு.

பின்னர் எச்ஐவி திட்டம் வந்தது. அதற்கும் தனி மையங்கள், தனி ஒப்பந்தப் பணியாளர். ஒரே மாவட்ட மருத்துவமனையில் மலேரியாவுக்கு ஒருவர், சளிக்கு ஒருவர், எச்ஐவிக்கு ஒருவர் என மூவர் மூன்று தலைப்புகளில் ஊதியம் பெற, சிறுநீரக நோயாளியின் யூரியாவையும் கிரியாட்டினினையும் பார்க்க ஆள் போதாத நிலை உருவாயிற்று. அவர்களைக் குறைகூற இடமில்லை. மூவரும் தத்தம் திட்டம் விதித்ததைச் செய்தனர். திட்டத்தின் நிதி தீர்ந்தால் பணியும் தீரும் என்பதால் அவர்களுக்குப் பதவி உயர்வும் இல்லை, மேற்படிப்புக்கான விடுப்பும் இல்லை. பத்தாண்டுகள் சளிச் சில்லு பார்த்தவரின் பட்டறிவு ஒப்பந்தத்தோடு முடிந்தது.

இத்தொழிலுக்கு நீண்ட பயிற்சி எதற்கு, பொறியே எண்ணைச் சொல்லிவிடுகிறதே என்ற எண்ணம் படித்தவரிடமும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டு போதும். குருதி உறையாதிருக்க ஊதாமூடிக் குழாயில் ஈடிடிஏ என்னும் வேதிப்பொருள், பொட்டாசியம் உப்பாக இடப்பட்டிருக்கும். குருதி எடுப்பவர் அதில் ஊற்றியதைச் சிறிது மற்றொரு குழாய்க்கு மாற்றிவிட்டால், அந்த மாதிரியில் பொட்டாசியம் அச்சந்தரும் அளவுக்கு உயர்ந்தும் கால்சியம் மிகத் தாழ்ந்தும் காட்டும். பொறியைப் பொறுத்தவரை அது பிழையில்லாத அளவீடு, அச்சிட்டுத் தந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து ‘இந்த எண்களோடு இவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க இயலாது, குழாய் மாறியிருக்கிறது, மறுபடி குருதி எடுங்கள்’ என்று சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். இல்லையெனில் இல்லாத நோய்க்கு மருத்துவம் நடக்கும். (மருத்துவ முடிவுகளுள் 70 விழுக்காடு ஆய்வக அறிக்கையைச் சார்ந்தது என்று கருத்தரங்குகளில் தவறாமல் சொல்லப்படுவதற்கு உறுதியான ஆய்வு அடிப்படை இல்லை. 1996இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அனுபவத்தை ஒட்டிப் பரவிய கூற்று அது. ஆய்வகத்தின் இன்றியமையாமையை நிறுவ அந்த எண் தேவையும் இல்லை.)

பயிற்சி தந்த நிறுவனங்களும் ஒரு தரத்தில் இல்லை. ஓராண்டுச் சான்றிதழ், ஈராண்டுப் பட்டயம், மூன்று நான்கு ஆண்டுப் பட்டம், முதுகலை என்று படிநிலைகள் பெருகின. சில மாநிலங்கள் தமக்கெனத் துணை மருத்துவ மன்றங்களை அமைத்தன. பல மாநிலங்கள் அமைக்கவில்லை. மருத்துவருக்கும் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் இருந்ததைப் போல நாடு தழுவிய சட்டப் பதிவேடு இவர்களுக்கு இல்லை. 2012இல் நலவாழ்வு அமைச்சகத்துக்காக இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளை தயாரித்த அறிக்கை, இணை மருத்துவத் தொழில்கள் அனைத்திலுமாக நாட்டின் பற்றாக்குறை 60 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டது. பதிவேடே இல்லாத தொழிலினர்க்கு மதிப்பீடு மட்டுமே இயலும். ‘பாராமெடிக்’ என்னும் பெயரிலிருந்து ‘இணை நலவாழ்வுத் தொழிலர்’ என்னும் பெயருக்கு நகர்வதையே தன் தலைப்பாகக் கொண்டது அந்த அறிக்கை. பற்றாக்குறையும் பெயரும் ஒரே சிக்கலின் இரு முகங்கள் என்பதை அதை எழுதியோர் உணர்ந்திருந்தனர்.

பெயர் வெறும் மதிப்புச் சிக்கல் அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 12 அன்று காட்டியது. குஜராத்தில் நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கும் தனியார் ஆய்வகங்களை நடத்திய தொழில்நுட்பர்களுக்கும் இடையே நடந்த வழக்கில், ஆய்வக அறிக்கையில் நோய்க்குறியியலில் முதுநிலைத் தகுதி பெற்ற பதிவு மருத்துவரே கையொப்பமிட வேண்டும் என்று தீர்ப்பானது. மருத்துவர் தரப்பு வாதத்தில் நேர்மை உண்டு: எண்ணைத் தருவது வேறு, நோயை அறிந்து பொருள் கூறுவது வேறு. தொழில்நுட்பர் தரப்பிலும் நேர்மை உண்டு: சிறு நகரங்களில் நோய்க்குறியியலாளரே இல்லை, சர்க்கரை அளவுக்கும் கையொப்பம் வேண்டுமென்றால் அது எங்கிருந்து வரும்? பல ஊர்களின் அறிக்கைகளில் ஒரே மருத்துவரின் கையொப்பம் ஒரே நாளில் காணப்பட்ட புகார்கள் இவ்வினாவுக்கு நடைமுறை தந்த விடை. பின்னர் 2018இலும் 2020இலும் நடுவண் அரசு ஆய்வகங்களுக்கான விதிகளைத் திருத்த நேர்ந்தது. ஆள் பற்றாக்குறையைக் கையொப்பப் பற்றாக்குறையாக மாற்றுவதால் நோயாளிக்கு நன்மை விளைவதில்லை.

2020 இந்த வரலாறு முழுவதையும் சில மாதங்களில் மீண்டும் நடத்திக் காட்டியது. சனவரியில் கொரோனாச் சோதனை புணே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தில் தொடங்கியது. சூன் இறுதிக்குள் சோதனைக்கூடங்கள் ஆயிரம். 2021 மே மாதத்தில் ஒரே நாளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். ஆராய்ச்சி நிறுவனங்களின் பொறிகளும் ஆய்வு மாணவர்களும் மருத்துவச் சோதனைக்குத் திருப்பப்பட்டனர். சில மாத ஒப்பந்தத்தில் நுட்புநர்கள் அமர்த்தப்பட்டனர். இதனைச் சாதனை என்று சொல்வதில் மிகை இல்லை. ஆனால் மலேரியாவிலும் காசநோயிலும் கையாண்ட அதே வழிதான் இதுவும்: ஒரு நோய், ஒரு சோதனை, ஒரு குறுகிய பயிற்சி. அலை ஓய்ந்ததும் ஒப்பந்தங்களும் ஓய்ந்தன. பொறிகள் நின்றன.

இந்தப் பின்னணியில்தான் 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் தேசிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. மொழியியல் மாணவர் எவரும் படிக்க வேண்டிய சட்டம் அது. அதன் வரையறைகளிலேயே எழுபதாண்டுத் தகராறு பொதிந்துள்ளது. ‘இணை நலவாழ்வுத் தொழிலர்’ என்பவர் நோயறிதலுக்கும் மருத்துவத்துக்கும் துணை செய்யும் செயல்முறைப் பணிகளுக்குப் பயிற்சி பெற்ற உதவியாளர், டெக்னீஷியன் அல்லது டெக்னாலஜிஸ்ட். அவர்க்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும். ‘நலவாழ்வுத் தொழிலர்’ என்போருள் அறிவியலாளர், சிகிச்சையாளர் அடங்குவர். அவர் ஆராய்கிறார், அறிவுரை கூறுகிறார், மேற்பார்வையிடுகிறார். அவர்க்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரம். துணை செய்தல் ஒருபுறம். அறிதலும் கூறுதலும் மறுபுறம். மேலே சொன்ன பொட்டாசியக் குழாயைக் கண்டுபிடித்தவர் எந்தப் புறம்? டெக்னாலஜிஸ்ட் என்று பெயர் பெற்றால் ஒருபுறம், சயின்டிஸ்ட் என்று பெயர் பெற்றால் மறுபுறம்.

பிரிட்டனில் ‘பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்’ என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். பதிவு பெறாதவர் அதைப் பயன்படுத்த இயலாது. அமெரிக்காவில் 2009இல் இரு சான்றளிப்பு அமைப்புகள் இணைந்தபோது ‘மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்’ என்ற பழைய பெயர் ‘மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட்’ ஆனது. அங்கும் ஆள் பற்றாக்குறை நீங்கிவிடவில்லை. பெயர் மாற்றம் ஆள்களை உற்பத்தி செய்யாது. யாரை எண்ணுவது, எங்கிருந்து எங்கே உயர்த்துவது என்பதை அது தெளிவாக்கும்.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனிச்சுவை உண்டு. தமிழ்நாட்டு அரசு அறிவிக்கைகளில் லேப் டெக்னீஷியன் ‘ஆய்வக நுட்புநர்’. இயக்குநர், ஓட்டுநர், பெறுநர் ஆகிய சொற்களில் ‘-நர்’ வினையடியோடு சேர்ந்து அவ்வினையைச் செய்பவரைக் குறிக்கிறது. ‘நுட்பு’ என்றொரு வினை வழக்கில் இல்லை. நுட்பம் என்ற பெயர்ச்சொல்லை வெட்டி வினைபோல ஆக்கி, அதன்மேல் ‘-நர்’ ஏற்றப்பட்டுள்ளது. நோய்க்குறியியலாளர், வேதியியலாளர் என்னும் சொற்களில் ஓர் ‘இயல்’ இருக்கிறது. நுட்புநரிடம் அது இல்லை. அவர் ஒன்றைச் செய்பவர். எதை என்பதைச் சொல் சொல்லவில்லை. சொல்லாக்கக் குழுவினர் எவரும் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். முகமது பக்ஷின் காலத்து ‘உதவியாளர்’ என்னும் கருத்தை மொழி தன் போக்கில் காத்து வந்திருக்கிறது, அவ்வளவே.

சட்டம் வந்தும் ஆணையமும் மாநில மன்றங்களும் உரிய காலத்தில் அமையவில்லை. மருத்துவத் தொழில்நுட்பர்களின் கூட்டமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 12க்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு நடுவண், மாநில அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆணையிட்டது. மாநில மன்றங்களின் பதிவேடுகளில் ஒவ்வொரு பணியாளரும் தம் பெயருக்கு எதிரே ஒரு தொழிற்பெயரோடு பதிவாக வேண்டும். சட்டத்தின் அட்டவணையில் முதலாவதாக நிற்பது மருத்துவ ஆய்வகம் மற்றும் உயிரியல் துறைப் பிரிவு. அந்தப் பக்கங்கள் நிரம்பிய பின்னரே 2012இன் அந்த 60 லட்சத்தில் ஆய்வகங்களுக்கு உரிய பங்கு எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல இயலும்.